கரப்பானும் கைவேலையும்

சிம்மக்கல்லில் மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் தோல் வியாதிக்காரர்கள் வியாதியின் பெயரைச் சொல்லி மருந்து கேட்பது அபூர்வம். சட்டைப்பையிலிருந்து ஒரு காலி டியூப்பை எடுத்துக் கண்ணாடி மேல் வைப்பார்கள். அடிவரை சுருட்டிப் பிதுக்கியிருக்கும். சிலர் வாலைக் கத்தரித்து உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்திருப்பார்கள். பெயர் அழிந்து விலை மட்டும் தெரியும். "இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே." எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டால் ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குத் தொடையிடுக்கு, ஒரு பெண்ணுக்கு முகம், இன்னொருத்திக்கு இடுப்பில் இருக்கும் பிள்ளையின் கன்னம். டியூப் என்னவோ ஒன்றுதான்.

அந்த டியூப்புகளில் பெரும்பாலும் மூன்று மருந்து சேர்ந்திருக்கும். பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, அரிப்பை அடக்க வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. என்ன வியாதி என்று கண்டுபிடிக்கும் வேலையை மிச்சப்படுத்துவதற்காகவே பிறந்த கலவை. போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும், 'கைகண்ட மருந்து' என்று பேர் வாங்கிவிடும். நிறுத்திக் கொஞ்ச நாளில் முன்பைவிட ஆவேசமாகக் கிளம்பும். அப்போது பழி டியூப் மேல் விழாது. நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின் மேல் விழும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 1952-இல் நியூயார்க்கில் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகப் பூசினால் எக்ஸிமா அடங்குகிறது என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் தாரும் துத்தநாகமும்தான். நான் மதுரை மருத்துவக் கல்லூரியில் டி.பார்ம் படித்தபோது செய்முறை வகுப்பில் துத்தநாகக் களிம்பு அரைத்துப் பழகியிருக்கிறேன். அதைப் பூசிக்கொண்டு ஒரு மனிதன் எப்படி அரிப்போடு ராத்திரியைக் கழித்திருப்பான் என்று அப்போதே தோன்றும். ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. அதற்குப் பிறகு வந்தவை வரிசையாக வீரியம் ஏறி, உச்சியில் க்ளோபெட்டசால் நிற்கிறது. முதலாவதைவிடப் பல நூறு மடங்கு. இரண்டும் ஒரே அளவு டியூப்பில், ஏறத்தாழ ஒரே விலையில் வருகின்றன. வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

எந்த இடத்தில் பூசுகிறோம் என்பதும் ஒரு கணக்கு. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் 1967-இல் அளந்து பார்த்தது இது: ஹைட்ரோகார்ட்டிசோன் முன்கையில் உள்ளே போவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, தாடையில் 13, விதைப்பையில் 42. உள்ளங்காலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததை அண்ணன் தொடையிடுக்கில் போட்டுக்கொள்வார், தங்கை முகத்தில் போட்டுக்கொள்வாள். தொடையில் வெள்ளரி வெடிப்பு மாதிரி நிரந்தரக் கோடுகள் விழும். முகத்தில் பரு, பூனைமுடி, வெயில் பட்டால் எரிச்சல். நிறுத்தினால் முகம் கொதிக்கும், கொதிப்பை அடக்க மறுபடி அதே டியூப்.

இத்தனை வருஷம் சீட்டு இல்லாமல் இது எப்படி விற்றது என்று கேட்கலாம். சட்டத்திலேயே வழி இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்கிற ஷெட்யூல் எச் பட்டியலில், வெளிப்பூச்சாகப் பயன்படுத்துபவை நீங்கலாக என்று ஒரு வாசகம் உண்டு. தோல் மருத்துவர்கள் பல வருஷம் சத்தம் போட்ட பிறகு 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்தச் சலுகையை எடுத்தார்கள். எடுத்த பிறகும் காலி டியூப் வருவது நிற்கவில்லை. நான் மறுத்தால் நாலு கடை தள்ளிக் கிடைக்கும் என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஒன்று கவனித்தேன். வெறுமனே "சீட்டு வேணும்" என்றால் கோபித்துக்கொண்டு போகிறவர், "எங்க போடுறீங்க, என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் நிற்கிறார். அரிப்பைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேசவிட்டால் பாதி விஷயம் வெளியே வரும். வீட்டில் எல்லோருக்கும் அரிக்கிறது, ராத்திரியில் அதிகம், விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சொறிசிரங்கு. ஒரே நாளில் வீடு முழுவதும் மருந்து பூசினால்தான் போகும். வட்டமாக, விளிம்பு தடித்து, நடுவில் ஆறினாற்போல் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதன் மேல் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வட்டமெல்லாம் அழிந்து அடையாளமே தெரியாமல் போயிருக்கும். டாக்டர் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி எக்ஸிமா, ஊர் வழக்கில் கரப்பான்.

புத்தகத்தில் 'சிவந்த தடிப்பு' என்று போட்டிருக்கும். வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து எழுதியது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? சாம்பல் பூத்தாற்போல், கருஞ்சிவலையாக, சில சமயம் மயிர்க்கால் மயிர்க்காலாகப் பொரிந்து நிற்கும். விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பும் சூடும் தெரியும். ஆறின பிறகு கறுப்புத் தழும்போ வெளிறிய திட்டோ மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் கறுப்பை வியாதியின் மிச்சம் என்று எண்ணி, அரிப்பு நின்ற பிறகும் டியூப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். அரிப்பும் சொரசொரப்பும் போய்விட்டால் எக்ஸிமா அடங்கிவிட்டது. கறுப்பு தானாகப் போகும், மெதுவாகப் போகும்.

குழந்தைகளோடு வருபவர்களிடம்தான் அதிக நேரம் நிற்பேன். கன்னத்தில் ஆரம்பித்து, தவழும் வயதில் முழங்கால் முட்டிக்கு வந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்மடிப்பிலும் தங்கும். அநேகமாக வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருக்கும். இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தோலின் மேலடுக்கு பிறவியிலேயே ஒழுகல். ஃபிலாக்ரின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவில் உள்ள பழுதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. தட்டோடு பெயர்ந்த மொட்டைமாடி போலத்தான்: மேலே விழுவதெல்லாம் உள்ளே இறங்கும். சோப்பு, தூசி, வேர்வை, கிருமி என்று இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் உடம்பு அழற்சியால் பதில் சொல்லும். அரிக்கும், பிள்ளை சொறியும், சொறிந்தால் ஒழுகல் பெரிதாகும், இன்னும் அரிக்கும்.

"கரப்பான் பண்டம் எதுவும் குடுக்கலண்ணே" என்று பாட்டிதான் முதலில் முந்திக்கொள்வார். கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, நண்டு, சோளம், முட்டை, மாம்பழம் என்று பட்டியல் நீளும். "சரிம்மா, பிள்ளை என்னதான் சாப்பிடுறான்?" "ரசஞ்சோறு." அவ்வளவுதான். சதைப்பிடிப்பே இல்லாத அந்தப் பிள்ளையின் முதுகெலும்பைப் பார்க்கும்போது எனக்குப் பத்தியத்தின் மேல் கோபம் வரும். ஏதாவது ஒன்றைத் தின்றவுடன் உதடு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், வாந்தி எடுத்தால் அது உணவு ஒவ்வாமை; டாக்டரிடம் காட்டி அந்த ஒன்றை நிறுத்த வேண்டும். கைக்குழந்தைக்குக் கடுமையாக இருந்தால் பாலையும் முட்டையையும் டாக்டரே சந்தேகிப்பார். மற்றபடி பண்டங்களை ஒன்றொன்றாக விலக்கிப் பிள்ளையை வாட்டுவதால் கரப்பான் வாடுவதில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லி ஜெயித்தவன் சிம்மக்கல்லில் இல்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லி வைப்பேன்.

அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு, வாயோரம் புண் வந்த பெரியவர் முத்தம் கொடுத்து ஹெர்பிஸ் தொற்றினால், ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து குழிக்குழியாகி, காய்ச்சலும் வரும். பார்க்கிறவர்கள் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி வீட்டோடு வைத்துவிடுவார்கள். வைக்கக் கூடாது. பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், அங்கே பெரியாஸ்பத்திரி. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. சாதாரணமாகவே எக்ஸிமா புண்ணில் தேன்நிறப் பொருக்கு கட்டி நீர் வடிந்தாலும் தொற்று ஏறிவிட்டது என்று பொருள். அதற்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. வெந்த தோலில் மஞ்சளும் வேப்பிலையும் எரிச்சலைக் கூட்டுவதை நிறையப் பார்த்தாயிற்று.

குளியல் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸிமாக்காரர்களுக்கு ஒரு ரகசிய சுகம் இருக்கிறது. பொறுக்கும் சூட்டுக்கும் ஒரு படி மேலே வெந்நீரை அரிக்கிற இடத்தில் ஊற்றிக்கொள்வது. "அப்படியே சொர்க்கம் மாதிரி இருக்கும்ண்ணே" என்பார்கள். இருக்கும், அரைமணி நேரம். பிறகு தோலில் இருந்த கொஞ்ச நெய்ப்பசையும் போய் நாள் முழுவதும் வட்டியோடு அரிக்கும். சோப்பும் அப்படித்தான். நம் தோல் லேசான புளிப்பு, பி.எச். 5 பக்கம். சோப்புக் கட்டியின் பி.எச். 9, 10. மதுரையில் போர்த் தண்ணீர் உப்பு. நுரை வராது, அதனால் இன்னும் நாலு இழுப்பு இழுப்பார்கள். உப்புத் தண்ணீரால்தான் கரப்பான் என்று அடித்துச் சொல்பவர்களுக்காக ஒரு தகவல்: இங்கிலாந்தில் 336 எக்ஸிமாப் பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேர் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவில் கருவியால் பிரயோஜனம் தெரியவில்லை. ஆக, கேன் தண்ணீரில் குளிப்பாட்டிக் காசைக் கரைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், சீக்கிரக் குளியல், சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் மட்டும், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்னால் மாய்ஸ்சரைசர்.

இந்த மாய்ஸ்சரைசரில்தான் வைத்தியமே இருக்கிறது, இதைத்தான் யாரும் வாங்குவதில்லை. பிரிட்டிஷ் வழிகாட்டிகள் எக்ஸிமாப் பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் பூசச் சொல்கின்றன. நம் ஆள் 50 கிராம் டியூப்பை வாங்கி மூன்று மாதம் வைத்திருப்பார், அதுவும் மகளின் கல்யாணத்துக்கு முகத்தில் பூச. விலையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளை வாசலைனை டப்பாவாக வாங்கச் சொல்வேன். மலிவு, வாசனை கிடையாது. மதுரைச் சித்திரையில் அது பிசுபிசுக்கும், அப்போது ராத்திரிக்கு மட்டும். பூசின துணியோடு அடுப்பருகே போகக் கூடாது, பாரஃபின் ஊறின துணி சட்டென்று பற்றும். தேங்காய் எண்ணெயைக் கேலி செய்யும் கட்சியில் நான் இல்லை. பிலிப்பைன்ஸில் எக்ஸிமாப் பிள்ளைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்ததில் மினரல் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே செய்தது. ஆலிவ் எண்ணெயைத்தான் பணக்கார வீடுகளில் தடவுகிறார்கள். அது தோலின் மேலடுக்கைக் கெடுப்பதாக ஆய்வு வந்திருக்கிறது.

ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தால் அளவு சொல்வேன். பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். இரண்டு கை அளவு இடத்துக்கு அது போதும், அதற்குக் குறையவும் வேண்டாம். 'ஸ்டீராய்டு' என்ற வார்த்தையைக் கேட்டுப் பயந்து பொட்டு வைப்பதுபோல் வைக்கிறவர்களுக்குப் பொங்கல் வரைக்கும் ஆறாது. டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாள் போட்டு ஒரேயடியாக அடக்குவதுதான் நல்லது. அடங்கின பிறகு சில டாக்டர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வழக்கமாகக் கிளம்பும் இடத்தில் பூசச் சொல்வார்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப் பூசினவர்களுக்கு மறுபடி கிளம்புவது வெகுவாகக் குறைந்தது. "நல்லா இருக்குற தோல்ல எதுக்குண்ணே மருந்து?" என்று சீட்டை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். மேலே நன்றாக இருந்தாலும் உள்ளே அழற்சி முழுசாகப் போயிருக்காது என்று சொல்லிப் புரியவைப்பது கடைவேலையில் கஷ்டமான வேலை.

இனி கை. சிம்மக்கல்லைச் சுற்றி நின்றால் என்னென்ன வேலை இல்லை? கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி, மாசி வீதிகளில் மிளகாய் மல்லி மூட்டை, யானைக்கல் பக்கம் பழக்கடை, தெருத்தெருவாக மெஸ். கை எக்ஸிமாவோடு வருகிறவரைப் பார்த்தால் எது முதலில் வெடித்திருக்கிறது என்று பார்ப்பேன். மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் அக்காவுக்கு விரலிடுக்கும் மோதிரத்தின் அடியும். சோப்புத் தண்ணீர் அங்கேதான் தங்கும். ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கும் பெண்களுக்கு விரல் நுனிகள், அதிலும் கத்தி பிடிக்காத கையின் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். தோல் உரிந்து, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, புளி பட்டால் உயிர் போகும். பூண்டில் உள்ள டை அல்லைல் டைசல்பைடு என்ற பொருள் செய்யும் வேலை. கையுறை போடுங்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தப் பொருள் சாதாரண ரப்பர் உறைகளைத் தாண்டி உள்ளே போய்விடும். ஒருத்தியிடம் பூண்டை விட்டு வெங்காயத்துக்கு மாறச் சொன்னேன். "பூண்டுக்குத்தாண்ணே கூலி கூட" என்றாள். அதற்கு என்னிடம் களிம்பு இல்லை. கடைசியில் பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தெடுத்து, நுனி படுவதைக் குறைத்து, ராத்திரி வாசலைன் தடவிப் பருத்தி உறை போட்டுத் தூங்குகிறாள். வெடிப்பு பாதி குறைந்திருக்கிறது.

வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து முகமும் கழுத்தும் இமையும் தடித்துக் கறுத்து வரும் விவசாயிகள் தனி ரகம். பார்த்தீனியம். 1950களில் புனேயில் தலைகாட்டிய செடி, இப்போது வரப்பெல்லாம் அதுதான். காய்ந்த தூள் காற்றில் பறந்தாலே போதும். செவ்வந்தியும் அதன் குடும்பம்தான், மாலை கட்டினாலும் சிலருக்குக் கிளம்பும்.

செல்லூரிலிருந்து ஒரு கொத்தனார் வருவார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை யானைத்தோல். ஈர சிமெண்ட் கடும் காரம், அது ஒருபக்கம். அதில் கலந்திருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இன்னொரு பக்கம். அது ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் துளி பட்டாலும் உடம்பு மறக்காது. டென்மார்க்கில் 1981 முதல் சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்து இந்தக் குரோமியத்தை முறித்தார்கள், தொழிலாளர் கையில் இந்த எக்ஸிமா குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. மூட்டையில் ஒரு பிடி உப்பைச் சேர்க்கிற வேலை. நம் கொத்தனார் அதற்குப் பதிலாகக் களிம்புக்குச் செலவழிக்கிறார்.

அவரைப் பேட்ச் டெஸ்டுக்குத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். 1895-இல் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கிவைத்த முறை. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. கொத்தனாருக்கு அது மூன்று நாள் கூலி. "ஒட்டிவச்சுப் பாக்குறதுக்கு எதுக்குண்ணே லீவு?" என்று இழுத்தடித்து, ஐப்பசி மழையில் வேலை நின்றபோதுதான் போனார். குரோமியத்துக்கு நேரே இரண்டு கூட்டல் குறி போட்டுத் தாள் கொடுத்தார்கள். டாக்டர் சிமெண்டைத் தொடாதே என்றாராம். "கொத்தன்கிட்ட சொல்ற பேச்சா இது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், சொன்னது நான் என்பதுபோல்.

இரண்டு வருஷத்தில் மேஸ்திரியாகிவிட்டார். சாந்து குழைப்பதும் பூசுவதும் தம்பிகள். இவர் தூக்குக்குண்டு பிடிப்பதும் கணக்குப் பார்ப்பதும். கை தேறியது. ரேகை தெரிகிற உள்ளங்கையை என் மனைவியிடம்கூடக் காட்டினார். போன தை மாதம் மறுபடி வந்தார், இந்தத் தடவை கால். புறங்காலில் குறுக்கே வார் போட்டாற்போல் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் தடிப்பு. சிமெண்டையே தொடவில்லை, கருவாடு தின்றதுதான் காரணமாக இருக்கும் என்றார். காலில் புதுத் தோல் செருப்பு, மேஸ்திரியான பிறகு வாங்கியது. பதனிடுவதற்குக் குரோமிய உப்பில் ஊறவைத்த தோல்.

பழைய தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ரப்பர் சாமான்களுக்கு நேரே ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. டாக்டர் கொடுத்த களிம்பு வீட்டில் மிச்சம் இருக்கிறது என்றார், காலாவதியாகவில்லை. வாசலைனும் போன வாரம்தான் வாங்கியிருந்தார். செருப்புக் கடைக்குப் போகச் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு விற்க என் கடையில் ஒன்றும் இல்லை.